கப்பலில் வந்த கானம்

திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கப்பல் புதுமைப் பொருளன்று. உவர்மலைச் சரிவிலே எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் உட்துறைமுகம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். அப்பால் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். இப்பால் டொக்யார்ட்டின் கூரைகள். கோதுமை மாவும் நிலக்கரியும் துருப்புகளும் வந்திறங்கிய அந்தத் துறைமுகத்தின் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. அது சங்கீதம். அதனைப் பற்றியும், அதன் காரணமாக நான் என் மாமாவுக்கு இழைத்த ஓர் அநியாயத்தைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாளாய் எண்ணியிருந்தேன். எண்பதைக் கடந்துவிட்டேன், இனியும் ஒத்திவைப்பது முறையன்று.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கீழைக் கடற்படையின் பெருந்தளமாய் விளங்கியது எங்கள் ஊர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது நான் தாய் வயிற்றில் இருந்தேன். அம்மா என்னைச் சுமந்துகொண்டே நிலாவெளிப் பக்கம் நடந்தாராம். போர் ஓய்ந்த பின்னரும் வெள்ளைக்காரக் கடற்படை ஊரைவிட்டு நீங்கவில்லை. 1957 ஒக்டோபரிலேதான் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது.

அம்மாவின் தமையனாரான என் மாமா, டொக்யார்ட் பண்டகசாலையிலே கிளாக்கர். தளம் கைமாறியதும் அந்த உத்தியோகம் முடிந்தது. பின்னர் கடைத்தெருவிலே ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதப் போனார். ஊரைவிட்டுப் புறப்பட்ட அதிகாரி ஒருவர் தம்முடைய ரேடியோகிராமையும் ஒரு பெட்டி இசைத்தட்டுக்களையும் மலிவாக விற்றார். மாமா தம்முடைய கடைசிச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து அவற்றை வாங்கிவந்தார். மாமி மூன்று நாள் அவருடன் பேசவில்லை.

அக்காலத்து இசைத்தட்டு எத்தகையது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக்கு முக்கிய மூலப்பொருள் அரக்கு. மரக்கிளைகளிலே அரக்குப் பூச்சி சுரக்கும் அப்பொருள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே உலகெங்கும் சென்றது. அமெரிக்கப் பாடகரின் குரல் பதிந்த தட்டிலும் இந்தியக் காட்டின் அரக்கு கலந்திருந்தது என்றால் மிகையாகாது. ஆனால் அத்தகைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால்... அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் சுழலும் ‘லோங் பிளே’ தட்டினை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அதுவரை துண்டு துண்டாய்க் கேட்ட பாட்டு, அன்றுமுதல் ஒரு கச்சேரியின் வடிவம் பெற்றது எனலாம்.

மாமாவின் பெட்டியில் இருந்தவற்றுள் இரண்டு தட்டுக்கள் என் நெஞ்சில் நிலைத்தவை. ஒன்று, பிராங் சினாட்ரா 1955இல் வெளியிட்ட ‘இன் த வீ ஸ்மோல் அவர்ஸ்’. நள்ளிரவு கடந்த சிறுபொழுது என்பது அதன் பெயரின் கருத்து. பதினாறு பாட்டுக்கள், பதினாறும் பிரிவின் துயரையே பேசுவன. நெல்சன் றிடில் வாத்தியங்களை அமைத்திருந்தார். அட்டையிலே, ஆளற்ற தெருவில் விளக்கொளியின் கீழ்த் தொப்பியணிந்த மனிதர் தனியே நிற்பார். நம்முடைய அகப்பாடல்களில் இரங்கல் என்னும் உரிப்பொருள் நெய்தலுக்கு, அதாவது கடற்கரைக்கு உரியதல்லவா? அந்தத் தட்டு எங்கள் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது பொருத்தமே என்று பிற்காலத்தில் எண்ணியதுண்டு.

மற்றையது, எல்லா பிட்ஸ்ஜெரால்ட் என்னும் அம்மையார் 1956இல் பாடிய கோல் போர்ட்டர் பாடற்றொகுதி. நோர்மன் கிரான்ஸ் தொடங்கிய வேர்வ் நிறுவனம் வெளியிட்டது. இரண்டு தட்டுக்களில் முப்பத்திரண்டு பாட்டுக்கள். இப்படி ஒவ்வொரு பாடலாசிரியருக்கும் ஒரு தொகுதியாக 1964 வரை அந்த வரிசை நீண்டது. அட்டையிலே அம்மையாரின் முகம் இருந்தது. கறுப்பினப் பெண்மணியின் முகம். எத்தனையோ முறை நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேனேயன்றி, இவர் யார், எங்கிருந்து வந்தார் என்று ஒருநாளும் கேட்டேனில்லை.

சனிக்கிழமை இரவுதோறும் சாப்பாட்டுக்குப் பின் மாமா தட்டினைத் துணியால் துடைத்து ஊசியை வைப்பார். நானும் பக்கத்தில் அமர்வேன். ஆங்கிலப் பாட்டின் அமைப்பை எனக்கு விளக்கியவர் அவரே. பெரும்பாலான பாட்டுக்கள் முப்பத்திரண்டு அளவு கொண்டவை. எட்டெட்டாக நான்கு கூறு. முதலிரண்டு கூறுகளும் ஒரே மெட்டு. மூன்றாவது விலகி வேறிடம் செல்லும். நான்காவது வீடு திரும்பும். பல்லவிக்கு மீள்வதைப் போல என்பார் மாமா. நாடகத்துக்கும் சினிமாவுக்குமாக எழுதப்பட்ட அப்பாட்டுக்கள், நாடகம் மறைந்த பின்னரும் பாடகர் பலர் வாயில் வாழ்ந்தன. ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு வித்துவானும் தம் மனோதர்மப்படி பாடுவதில்லையா? அவ்வாறே ஒரே பாட்டினைச் சினாட்ரா ஒருவிதமாகவும், எல்லா அம்மையார் ஒருவிதமாகவும், பில்லி ஹொலிடே என்னும் அம்மையார் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி நெஞ்சை உருக்கும் விதமாகவும் பாடுவர். ‘ஸ்டாண்டர்ட்’ என்று அவர்கள் அழைப்பது இத்தகைய பொதுச் சொத்தான பாட்டையே.

தட்டு ஓயும் இரவுகளில் ரேடியோகிராமின் வானொலிப் பகுதி பேசும். போர்க்காலத்தில் துருப்புகளுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட சீயாக் வானொலியின் ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி 1949இல் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. அதன் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கி ஆங்கில மெல்லிசையையும் வாரி வழங்கியது. 1955 முதல் அமெரிக்காவின் குரலில் வில்லிஸ் கொனோவர் என்பார் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் அதிகம் அறியாதவரும் விளங்கிக்கொள்ளும்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இரைச்சலுக்கு நடுவே அக்குரலைத் தேடிப் பிடிப்பது மாமாவுக்கு ஒரு தவம்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

1961ஆம் ஆண்டு, தமிழ் மொழியுரிமைக்காக வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்த காலம். எனக்கு வயது பத்தொன்பது நிறையவில்லை. பகலெல்லாம் திருகோணமலைக் கச்சேரி வாயிலில் அமர்ந்திருந்துவிட்டு, உள்ளம் கொதிக்க ஒருநாள் இரவு வீடு திரும்பினேன். கூடத்திலே சினாட்ரா பாடிக்கொண்டிருந்தார். என்னையறியாமல் வார்த்தை வெளிவந்தது:

“ஆண்டவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், மாமா. நீங்கள் இன்னும் அவர்களுடைய பாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?”

மாமா பதில் சொல்லவில்லை. ஊசியைத் தூக்கினார். தட்டை உறையிலிட்டார். ரேடியோகிராமின் மீது ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். அன்று தொடக்கம் நான் வீட்டிலிருக்கும் வேளைகளில் அந்தப் பெட்டி வாய் திறந்ததில்லை. வெற்றிபெற்றுவிட்டேன் என்று நான் எண்ணினேன்.

1963இல் நான் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். அவ்வாண்டு டியூக் எலிங்டன் தம் வாத்தியக் குழுவுடன் கீழைநாடுகளில் சுற்றுப்பயணம் செய்து இலங்கைக்கும் சென்னைக்கும் வந்தார். அனுப்பியது அமெரிக்க அரசாங்கம். பத்திரிகையில் அவர்களுடைய படத்தைக் கண்டேன். கண்ணியமான உடையில் கறுப்பின மக்கள். மாமாவின் தட்டு அட்டையிலிருந்த அம்மையாரின் முகம் சட்டென்று நினைவில் எழுந்தது. அதன் பின்னரே தேடித் தேடிப் படிக்கலானேன்.

படிக்கப் படிக்க நான் ஏசிய ஏச்சு என்னையே திரும்பித் தாக்கிற்று. ‘ஆண்டவர்களின் பாட்டு’ என்றேனே, அவற்றைச் செய்தவர் யார்? கோல் போர்ட்டர் செல்வர் வீட்டுப் பிள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் இர்விங் பேர்லின், ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் அகதியாய் நியூயோர்க் வந்திறங்கிய யூதச் சிறுவர். கேர்ஷ்வின் சகோதரர்களின் பெற்றோரும் அவ்வாறு குடிபெயர்ந்தவர்களே. சினாட்ரா, நியூயோர்க்கின் எதிர்க்கரையிலுள்ள ஹொபோக்கன் என்னும் துறைமுக ஊரிலே இத்தாலியக் குடியேறிகளின் மகனாய்ப் பிறந்தவர். எல்லா பிட்ஸ்ஜெரால்ட் பதினைந்து வயதளவில் தாயை இழந்து, தெருவில் அலைந்து, 1934இல் ஹார்லெம் அப்பலோ அரங்கின் புதியோர் போட்டியில் வென்று தலையெடுத்தவர்.

அவர்கள் தம் நாட்டில் பட்டதென்ன? நெட் கிங் கோல் 1956 ஏப்ரலில் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில் வெள்ளையர் நிறைந்த சபையிலே பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே தாக்கப்பட்டார். எங்கள் துறைமுகம் கைமாறுவதற்கு ஒரு மாதம் முந்தி, 1957 செப்டெம்பரில், லிட்டில் றொக் நகரிலே கறுப்பின மாணவர் பள்ளிக்குள் நுழைவது தடுக்கப்பட்டபோது, அரசாங்கத்தின் தூதராகச் சோவியத் நாட்டுக்குப் போகமாட்டேன் என்று லூயி ஆம்ஸ்ட்ரோங் மறுத்தார். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ 1959 ஓகஸ்ட் 17இல் வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, தாம் வாசித்துக்கொண்டிருந்த நியூயோர்க் மண்டபத்தின் வாயிலிலேயே பொலிஸாரால் மண்டை உடைய அடிபட்டார் அவர். கச்சேரி வாயிலில் அமர்ந்திருந்த எனக்கு அந்த வாயிலின் கதை தெரிந்திருக்குமானால் மாமாவிடம் அப்படிப் பேசியிருப்பேனா?

அவ்வாண்டு மார்கழி விடுமுறைக்கு ஊர் வந்தேன். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. சனிக்கிழமை இரவு சாப்பாடானதும் நானே அந்த வெள்ளைத் துணியை எடுத்து மடித்து வைத்தேன்.

“மாமா, அந்த அம்மாவின் தட்டைப் போடுங்கள்” என்றேன்.

மாமா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு எழுந்து வந்து தட்டைத் துடைத்தார். ஊசி தொட்டது. முதற்பாட்டு முடியும்வரை இருவரும் பேசவில்லை. அடுத்த பாட்டுக்கு முன் அவர் சொன்னார்:

“கொச்சிக்காயும் பறங்கியன்ரை கப்பலிலைதான் வந்தது, தம்பி. உன்ரை மாமி அதை அரைச்சுக் குழம்பிலை போட்டபிறகு அது ஆற்றை?”

அடுக்களையிலிருந்து மாமி சிரித்தார்.

நான் உத்தியோகம் பெற்றதும் முதல் ஆண்டிலேயே ‘கைண்ட் ஒஃப் புளூ’ தட்டினை வாங்கி மாமாவுக்குக் கொண்டுவந்தேன். அதன் முதல் உருப்படியான ‘சோ வட்’, சுரக்கூட்டுக்களை அடிக்கடி மாற்றும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, ஒரே சுரவரிசையைப் பதினாறு அளவுவரை பற்றிநின்று, பின்பு எட்டு அளவுக்கு அரைச்சுரம் மேலேறி, மறுபடி எட்டு அளவுக்கு இறங்கிவரும். மேல்நாட்டார் டோரியன் என்னும் அச்சுரவரிசை நமது இருபத்திரண்டாம் மேளத்தின் சுரங்களே. இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்ற மாமி, கைவேலையை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து நின்று, “இது கரகரப்பிரியா அல்லவோ? கமகம்தான் இல்லை” என்றார். அன்றிரவு முதன்முறையாக அவரும் எங்களோடு அமர்ந்து கேட்டார். மூன்று நாள் பேசாதிருந்த பழைய கணக்கு அன்றுதான் தீர்ந்தது என்று மாமா பிற்பாடு சொல்வதுண்டு.

மாமா 1978இல் காலமானார். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது நாங்கள் உடுத்த துணியுடன் ஊரைவிட்டு வெளியேறினோம். திரும்பி வந்து பார்க்கையில் வீட்டுக்குக் கூரையில்லை, ரேடியோகிராமும் இல்லை, தட்டுக்களும் இல்லை. அவற்றுக்காக அழ அன்று நேரமிருக்கவில்லை. அழுவதற்கு வேறு பல இருந்தன.

இன்று பேரன் தன் கைத்தொலைபேசியிலே அந்தப் பதினாறு பாட்டுக்களையும் ஒரு நொடியில் எடுத்துத் தருகிறான். கீறலில்லாத தெளிவான ஒலி. ஆனால் எங்கள் தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஊசி ஒருமுறை தத்தும் இடமொன்று இருந்தது. இப்போதும் அவ்விடம் வரும்போது என் செவி அந்தத் தத்தலை எதிர்பார்க்கிறது.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். புதிதாய்க் கேட்க விரும்புவோர் பல பாட்டுக்களைத் தேடி அலையவேண்டாம். ஒரே பாட்டினை மூன்று பாடகர் வாயிலாகக் கேளுங்கள். மெட்டு எது, பாடுபவரின் மனம் எது என்பது தானே விளங்கும். மற்றது, உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுக்கள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒன்றன்மேலொன்றாய் அடுக்காது நிமிர்த்தி வையுங்கள், வெயில் படவிடாதீர்கள், அரக்குத் தட்டை ஒருபோதும் ஸ்பிரிட்டினால் துடைக்காதீர்கள், அது கரைந்துவிடும். அவற்றைச் சேர்த்தவர் யாரேனும் இன்னும் வீட்டிலிருந்தால், ஏன் சேர்த்தீர்கள் என்று அன்போடு கேளுங்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆறு ஆண்டுகள் பிந்தினேன். அவற்றுள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, என் பொருட்டு ஒரு நல்ல மனிதரின் சனிக்கிழமைகள் மௌனமாய்க் கழிந்தன.