பக்கு கட்டினால் புண் ஆறிவிட்டதா?

போன மாசம் என் பையன் சைக்கிளில் இருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். "காத்தாட விடு, காஞ்சு பக்கு கட்டிடும்" என்றார் அப்பா. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் பக்கு என்பது மருந்தா, வெறும் மூடியா என்று ஒரு சந்தேகம் வந்ததால் உட்கார்ந்து படித்தேன்.

அடிபட்டதும் முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன், ஃபைப்ரின் எனும் நூலாக மாறி வலை பின்னுகிறது. அதில் சிவப்பணுக்கள் சிக்கி, மொத்தமும் காய்ந்தால் பக்கு. அதாவது அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. ரிப்பேர் வேலை நடப்பது அதற்கு அடியில்தான்.

புதுத் தோல் செல்கள் புண்ணின் ஓரத்தில் இருந்தும் மயிர்க்கால்களில் இருந்தும் ஊர்ந்து வந்து மூடுகின்றன. ஊர்வதற்கு அவற்றுக்கு ஈரம் வேண்டும். காய்ந்த பக்கு குறுக்கே நின்றால், அதற்குக் கீழே ஈரமான தளத்தைத் தேடி இறங்கி, நொதிகளால் பாதையை அரித்துக்கொண்டுதான் போக முடியும்.

இதை ஜார்ஜ் விண்டர் 1962-ல் பன்றிகளை வைத்துக் காட்டினார். சில புண்களை பாலிதீன் தாளால் மூடினார், சிலவற்றைக் காற்றாட விட்டார். மூடிய புண்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. அடுத்த வருஷமே மனிதர்களிடமும் இதே போக்கைப் பார்த்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்ம வீடுகளில் "காத்தாட விடு"தான்!

அதனால் பையனுக்குச் செய்தது இவ்வளவுதான்: குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிசாக வாஸலைன் தடவி, துணிக்கட்டு. தினமும் மாற்றினோம். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் கிடையாது. டி.டி. ஊசி பாக்கி இருந்தது, போட்டாச்சு. ஏற்கெனவே கட்டிய பக்கை மட்டும் பிய்க்கக்கூடாது. அடியில் இருக்கும் புதுத் தோலும் சேர்ந்து வந்துவிடும், தழும்பும் பெரிதாகும். அரித்தால் லேசாக அழுத்தலாம்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. அவருக்குச் சுகர். செருப்பு கடித்த இடத்தில் கறுப்பாகப் பக்கு. "அது ஆறிப்போச்சுடா." ஓரத்தில் அழுத்தினேன், சீழ் வந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. சுகர் நரம்பைக் கெடுத்திருந்தால் வலி தெரியாது; ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் மேலே மூடி, உள்ளே புண் ஆழமாகும். டாக்டர் பக்கை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தார். முழுசாக மூட ஆறு வாரம் ஆனது.

சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சூடு, வீக்கம், நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஒரே இடத்தில் பக்கு மாதக்கணக்கில் வந்து வந்து உதிர்ந்தாலும் காட்டிவிடுங்கள், தோல் புற்றுநோயும் சில சமயம் அப்படித் தெரியும்.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தாத்தாவின் பாதத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது பையனின் வேலை. "பாக்க என்னடா இருக்கு" என்று முனகிக்கொண்டே காலை நீட்டுகிறார்.