பளிச்சென்று இருந்தால் போதுமா?

பழைய படம் ஒன்று 'டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது' என்ற விளம்பரத்தோடு மறுபடி தியேட்டருக்கு வரும்போதெல்லாம், ரசிகர்களில் ஒரு சிறு கூட்டம் முணுமுணுக்கும். "படம்தான் பளிச்சுன்னு இருக்கே, இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

கீறல், தூசி, கிழிசல், வெளிறிய நிறம் இதெல்லாம் ஃபிலிமுக்குக் காலம் செய்த சேதம். அதைச் சரிசெய்வது மீட்பு. படத்தில் இருந்ததையே மாற்றுவது வேறு வேலை. சிக்கல் என்னவென்றால், இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

மாற்றுவது யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

முதலில் இயக்குநர். 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் வந்தது. 1997இல் ஜார்ஜ் லூகாஸ் அதில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் காட்சிகளைச் சேர்த்தார். மதுக்கூடத்தில் ஹான் சோலோ சுட்டுக் கொல்லும் காட்சியில், எதிரி முதலில் சுடுவதாக மாற்றினார். ஒரு குண்டுதானே என்று தோன்றும். ஆனால் ஹான் சுயநலக்காரனாக அறிமுகமாகி, பிறகு மனம் மாறுகிறவன். ஆரம்பத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால் மாறுவதற்கு என்ன மிச்சம்? 2006இல் பழைய வடிவத்தையும் டிவிடியில் கொடுத்தார்கள். ஆனால் அது 1993இல் லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த மாஸ்டர். கடைசியில் ரசிகர்களே பழைய 35 மி.மீ. தியேட்டர் பிரிண்டுகளைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்தார்கள். இதில் வேடிக்கை, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியவர் இதே லூகாஸ்!

அப்படியானால் முதலில் தியேட்டரில் வந்ததுதான் அசலா? அவசரப்பட வேண்டாம். 'ஷோலே' இருக்கிறது.

ரமேஷ் சிப்பி எடுத்த முடிவில், தாக்கூர் ஆணி வைத்த செருப்பால் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுவார். 1975, எமர்ஜென்சி நேரம். சென்சார் ஒத்துக்கொள்ளவில்லை. போலீஸ் வந்து கப்பரைக் கைது செய்வதாக மாற்றி எடுக்க வேண்டியதாயிற்று. 2025இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த பிரதியில் பழைய முடிவு திரும்பியது. மூல நெகட்டிவ் மோசமாகச் சேதமாகியிருந்ததால், பிரிட்டனிலும் மும்பையிலும் கிடைத்த மற்ற ஃபிலிம் பிரதிகளை வைத்து வேலை நடந்தது. இப்போது எது அசல்? இயக்குநர் எடுத்ததா, தியேட்டரில் ஜனங்கள் பார்த்ததா?

இரண்டுமே என்பேன். ஒன்று கலைஞரின் நோக்கம், இன்னொன்று வரலாறு. சட்டத்தைக் கையில் எடுக்கும் ஒரு கிழவரைப் பார்த்து அன்றைய அரசு பயந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் கைதுக் காட்சி. அதையும் தூக்கி எறியக்கூடாது.

மூன்றாவது மாற்றம் நம்ம ஊர்ச் சமாச்சாரம். இங்கே இயக்குநரும் இல்லை, சென்சாரும் இல்லை, வியாபாரம்தான். 50களில் வந்த நம் படங்கள் அகலம் 1.37, உயரம் 1 என்ற சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அதை 'டிஜிட்டல் சினிமாஸ்கோப்' ஆக்க, 2.35 அகலத் திரையை நிரப்ப வேண்டும். படத்தை இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். எனவே மேலும் கீழும் வெட்டுவார்கள். 1.37ஐ 2.35ஆல் வகுத்துப் பாருங்கள்: உயரத்தில் 58 சதவீதம் மிஞ்சும், 42 சதவீதம் போச்சு. பரதநாட்டியக் காட்சியில் பாதத்தைக் காணோம் என்றால் அந்த நடனத்தில் என்ன பார்ப்பது? கேமராமேன் சட்டகம் பார்த்துப் பார்த்து வைத்த விளக்கும் தூணும் எங்கே?

கீறல் விழுந்த பிரதியில்கூட அந்தப் பாதம் இருந்தது.

ரசிகர்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. எந்த ஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்தீர்கள், சட்டகம் அப்படியே இருக்கிறதா, எதைச் சேர்த்தீர்கள், எதை எடுத்தீர்கள்? படத்தின் தொடக்கத்தில் ஒரு கார்டு போட்டால் போதும். புது வடிவம் வரட்டும், வேண்டியவர்கள் பார்க்கட்டும். பழையதும் பக்கத்தில் இருக்கட்டும்.