கிளினிக் கொப்பி கணினிக்குப் போகும்போது

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டங்களில் சீனிக்கும் பிரசருக்கும் மருந்தெடுப்பவர்கள் கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி அடையாள அட்டையோடு வைத்திருப்பார்கள். மழையில் நனையாமல், பிறர் கண்ணில் படாமல் காப்பது அவர்கள் பொறுப்பு. இலங்கையின் அரசு வைத்தியசாலைகள் படிப்படியாகப் பார்கோட் அட்டைக்கும் கணினிப் பதிவுக்கும் மாறிவருகின்றன. அந்தப் பொறுப்பு இனி முகம் தெரியாதவர்கள் கையில்.

மாற்றம் தேவைதான். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பப்படும் முதியவர், தான் குடிக்கும் குளிசையை நிறம் சொல்லி விளக்கவேண்டிய நிலை ஒழிய வேண்டும்.

ஆனால் தோட்டத்தில் இரகசியம் காப்பதன் வரலாறு வேறு. வேலை, லயத்துக் காம்பரா, மருந்து மூன்றையும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகமே கொடுத்தது. ஒருவரின் நோயோ கர்ப்பமோ டிஸ்பென்சரிக்குள்ளேயே நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. இன்றும் பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகவே வருகிறது. பரிசோதனை முடிவைக் குறுஞ்செய்தியாக அனுப்பினாலும், வீட்டில் இருப்பது ஒரே ஃபோன் என்றால் அதை முதலில் வாசிப்பது நோயாளியாக இருக்காது. காசநோய், மனநோய் என்று ஒரு சொல் கசிந்தால் போதும், மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும்.

கணினிப் பதிவும் முழுப் பாதுகாப்பல்ல. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் வைத்தியசாலைக் குழுமத்தில் 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவுபோயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலையின் கணினிகள் முடக்கப்பட்டபோது, வேலை மறுபடி கைப்பதிவுக்குத் திரும்பியது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் தாக்கப்பட்டு, ஏறக்குறைய மூன்றரை மாத மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் அழிந்தன. அவற்றுக்குப் பிரதி இருக்கவில்லை.

மலையகத்தில் நான் அதிகம் அஞ்சுவது தூரத்து ஹேக்கரை அல்ல. எல்லோரும் பயன்படுத்தும் ஒரே பாஸ்வேர்ட், மூடாமல் விட்டுப்போன திரை, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய ரிப்போட், இவைதான் பக்கத்து ஆபத்து. வைத்தியர், தாதி, எழுதுவினைஞர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்பதைக் கணினி தானே குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பை யாராவது மாதாமாதம் உண்மையிலேயே வாசிக்கவும் வேண்டும். வாசிக்காத குறிப்பு யாரையும் தடுக்காது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைக் கூடுதல் காவல் தேவைப்படும் வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் முக்கிய விதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. அந்த விதிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பூண்டுலோயாவில் ஒருவர் கையில் பார்கோட் அட்டையைக் கொடுக்கும்போதே, விவரத்தை யார் பார்க்கலாம், யார் பார்த்தார்கள் என்று எங்கே கேட்கலாம் என்பதைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். தோட்ட நிர்வாகத்துக்கு இந்தப் பதிவைப் பார்க்க உரிமை இல்லை என்ற வரியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.