பந்தி ஒழுக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் இங்கு விற்பனைக்கு வருகிறது. அதனை வாங்க வெளியூர் வணிகர் பலர் இவ்வூரை நாடி வருவர். இங்கேயும், அண்மையிலுள்ள பொட்டிபுரம் முதலிய சிற்றூர்களிலும் மணவிருந்துக்கு அழைக்கப்பெறும் புதியவர், பந்தியில் அமருமுன் சில முறைகளை அறிந்திருத்தல் நலம்.

வாழையிலையின் குறுகிய நுனி உண்பவரின் இடப்பக்கம் இருத்தல் வேண்டும். நீர் தெளித்து இலையைத் துடைத்தபின், உப்பும் ஊறுகாயும் கறிவகைகளும் அதன் மேற்பாதியில் இடப்பெறும்; சோறு கீழ்ப்பாதியில் படைக்கப்பெறும். குழம்பு, இரசம், மோர் ஆகியன முறையே வரும். ஏலக்காய் மணக்கும் பாயசமும் உண்டு. வலக்கையால் உண்பதே மரபு. போதுமெனில் இலையின்மேல் கையை நீட்டி மறைத்தால், பரிமாறுபவர் குறிப்பறிந்து நிறுத்துவார். உடன் உண்போர் முடிக்குமுன் எழுந்துவிடுதல் பண்பன்று.

உண்டபின் இலையின் மேற்பாதி கீழே வருமாறு, தம்மை நோக்கி மடித்தல் வேண்டும். ‘உறவு தொடர்க’ என்பது அதன் பொருள். எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம். மணவீட்டில் ஒருவர் அறியாது அவ்வாறு மடித்து எழுந்தால், வீட்டார் உள்ளம் வருந்தும்.

இத்தகைய குறிப்புகள் தமிழர்க்கு மட்டும் உரியன அல்ல. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை 1998 முதல் கார்களை உற்பத்தி செய்து வருகிறது. ஆதலின் கொரியர் பலர் சென்னைப் பகுதியில் வாழ்கின்றனர். அவர்தம் மரபில், மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையோர் உண்ணத் தொடங்குவர். பெரியவர் தரும் பானத்தை இரு கைகளாலும் பெறுவர். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தாது மேசைமீதே வைத்திருப்பர். சோற்றையும் சாற்றையும் கரண்டியாலும், தொடுகறிகளை உலோகக் குச்சிகளாலும் உண்பர். ஆனால் கரண்டியையோ குச்சிகளையோ சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தல் ஆகாது. இறந்த முன்னோர்க்குச் சோறு படைக்கும் சடங்கில் கரண்டியை அவ்வாறு நடுவது அவர்கள் வழக்கம்.

இலை வேறு, கிண்ணம் வேறு. ஆயினும் துக்கத்திற்குரிய அடையாளம் மகிழ்ச்சிக்குரிய பந்தியில் தோன்றலாகாது என்னும் எண்ணம் இரு நாட்டிலும் ஒன்றே. ஆகவே, வேற்றிடம் செல்வோர் முதலில் அங்குள்ள மூத்தவரைப் பார்த்து, அவர் செய்வதுபோலச் செய்தல் வேண்டும். விருந்தினர் அறியாமல் செய்யும் பிழையைப் பொறுத்து, முறையை இன்சொல்லால் எடுத்துரைப்பது விருந்தளிப்போர் கடமையாகும்.