மாற்றியமும் சமபகுதியமும்: ஹாலோஆல்கேன்களின் அமைப்பு வேறுபாட்டை அறிதல்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழருள் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியோரும் உளர். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழியே தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உளர். இவ்விரு சாராரும் நீங்கிவந்த நிலங்களில் வேதியியல் கலைச்சொற்கள் ஒன்றாக இல்லை. 'ஐசோமர்' என்பதைத் தமிழகப் பாடநூல்கள் 'மாற்றியம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'சமபகுதியம்' என்கின்றன.

பெர்சீலியஸ் 1830இல் கிரேக்க மொழியின் 'சமம்', 'பகுதி' எனப் பொருள்படும் சொற்களைக் கொண்டு ஐசோமர் என்னும் சொல்லை ஆக்கினார். சமபகுதியம் அதன் நேர்பெயர்ப்பு. உறுப்புகளின் ஒப்புமையைச் சுட்டுகிறது. மாற்றியமோ இணைப்பின் வேறுபாட்டைச் சுட்டுகிறது. வரையறைக்கு இரண்டும் வேண்டும்: அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாதல், அவை இணையும் முறை வேறாதல்.

நான்கு கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு குளோரின் அணுக்களைக் கொண்ட சேர்மத்திற்கு அமைப்பு மாற்றியங்கள் நான்கு: 1-குளோரோபியூட்டேன், 2-குளோரோபியூட்டேன், 1-குளோரோ-2-மெத்தில்புரப்பேன், 2-குளோரோ-2-மெத்தில்புரப்பேன். இவற்றுள் முதலாவது ஏறத்தாழ 78 பாகை செல்சியசிலும் இறுதியது ஏறத்தாழ 51 பாகையிலும் கொதிக்கும்.

மாணவர் பலர் '3-குளோரோபியூட்டேன்' என ஐந்தாவது ஒன்றையும் எழுதுவதுண்டு. இப்பிழைக்கு மொழிப்பழக்கமே காரணம் எனலாம். மொழியில் வரிசை பொருளை மாற்றும். 'வீட்டுத்தோட்டம்' வேறு, 'தோட்டவீடு' வேறு. வாய்பாட்டையும் இடமிருந்து வலமாக ஓடும் எழுத்துவரியாகக் கொள்ளும் மாணவர், குளோரின் வலப்புறம் நின்றால் புதிய சேர்மம் எனக் கருதுகின்றனர். மூலக்கூற்றுக்கு இடமும் வலமும் இல்லை. 'விகடகவி' என்பதை எம்முனையிலிருந்து படித்தாலும் அச்சொல்லே கிட்டுதல் மொழியில் அருகிய நிகழ்ச்சி. கார்பன் சங்கிலியிலோ எம்முனையிலிருந்து எண்ணினும் சேர்மம் ஒன்றே என்பது பொதுவிதி. தாளில் சங்கிலியை வளைத்து வரைவதும் சேர்மத்தை மாற்றாது.

ஆகவே, ஐயம் நேருமிடத்து இரு வாய்பாடுகளையும் பெயரிட்டு நோக்குதல் வேண்டும். முதலில் அணுக்களை எண்ணி ஒப்பிடுக. பின்னர் மிக நீண்ட கார்பன் சங்கிலியைத் தேர்க. பதிலிகளுக்குச் சிறிய எண்கள் அமையும் முனையிலிருந்து எண்ணிடுக. பெயர்கள் ஒன்றாயின் இரண்டும் ஒரே அமைப்பே. வேறாயின் அமைப்பு மாற்றியங்கள். இவ்விதிப்படி '3-குளோரோபியூட்டேன்' 2-குளோரோபியூட்டேன் ஆகிவிடும்.

இரு கலைச்சொற்களுள் ஒன்றைத் தள்ள வேண்டுவதில்லை. சமபகுதியம் முதற்படியையும் மாற்றியம் இறுதிப்படியையும் நினைவூட்டுகின்றன. இருவழித் தமிழரும் ஒருங்கு வாழும் தீவுகளில் இவற்றை இணைத்துக் கற்பித்தல் பொருத்தமுடையதாகும்.