பூட்டியிருக்கிறதா? சில்லையே கேட்போம்

ஒலிநாடாக் கேசட்டின் விளிம்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த நாடாவில் மேற்கொண்டு பதிவு செய்ய இயலாது. உடைந்துள்ளதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துக் கொள்ளலாம். கணினியிலும், கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத் தொழிற்கூட இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் உள்ள ஃபிளாஷ் நினைவகத்துக்கும் இத்தகைய பூட்டு உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது.

ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்தார். இதன் ஒவ்வோர் அறையிலும், சிலிக்கன் ஆக்சைடு என்னும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு 'மிதக்கும் வாயில்' உள்ளது. அதில் எலெக்ட்ரான்களை அடைத்தால் 0; வெளியேற்றினால் 1. மின்சாரம் நின்றாலும் அவை சிறைப்பட்டே கிடக்கும். 1-ஐ 0 ஆக்குவது எளிது. திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் ஒரு பகுதி முழுவதையும் ஒருசேர அழித்தாக வேண்டும்.

இயந்திரம் விழித்தவுடன் ஓடும் முதல் நிரலான 'பூட்லோடர்' பெரும்பாலும் இச்சில்லில்தான் குடியிருக்கிறது. அது அழிந்தால் இயந்திரம் வெறும் தகரம்! தைவான் மாணவர் ஒருவர் 1998-இல் எழுதிய சி.ஐ.எச். வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் இதைத்தான் செய்தது. தொடக்க நிரல் இருந்த ஃபிளாஷ் சில்லில் குப்பையை எழுதியது. கணினிகள் எழவே இல்லை. எழுதுவதைத் தடுக்கும் பூட்டு போடப்பட்டிருந்த பலகைகளில் அதன் அந்த வேலை பலிக்கவில்லை.

அப்படியானால் பூட்டிவிட்டு மறந்துவிடலாமே என்பீர்கள். சிக்கல் இங்கேதான். பூட்டிய பகுதியில் எழுதச் சொன்னால் பெரும்பாலான சில்லுகள் மறுப்புத் தெரிவிப்பதில்லை, பேசாமல் இருந்துவிடும். புதிய நிரல் ஏறிவிட்டது என்று நாம் நம்புவோம், உள்ளே பழையதே இருக்கும். ஆகவே பூட்டின் நிலையைப் பூட்லோடர் காட்ட வேண்டியிருக்கிறது.

ஜெர்மானியப் பொறியாளர் வுல்ஃப்காங் டெங்க் தொடங்கிய 'யூ-பூட்' என்னும் பூட்லோடரில் 'எஃப்எல்இன்ஃபோ' என்ற கட்டளை உண்டு. அது சில்லின் பகுதிகளை வரிசையாகக் காட்டி, பூட்டியவற்றின் அருகில் 'ஆர்.ஓ.' என்று, அதாவது படிக்க மட்டும் என்று, அச்சிடும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பல பலகைகளில் இந்தக் குறி, யூ-பூட் தன் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்ட பட்டியலே தவிர சில்லின் வாக்குமூலமன்று. யூ-பூட் முடிந்து லினக்ஸ் ஓடத் தொடங்கியதும் அந்தப் பட்டியலை மதிக்க ஆளில்லை.

உண்மையறியச் சில்லையே கேட்க வேண்டும். தொடர்முறையில் பேசும் சில்லுகளில் 8 பிட் கொண்ட 'நிலைப் பதிவேடு' ஒன்று உள்ளது. அதைப் படித்தபோது 10011100 என்று வந்ததாகக் கொள்வோம். வலப்புறத்திலிருந்து 0, 1, 2 என எண்ணுங்கள். பல சில்லுகளில் 2, 3, 4-ஆம் பிட்டுகளே பூட்டின் எல்லையைக் குறிப்பவை. மூன்றும் 0 எனில் பூட்டு இல்லை. இங்குபோல் மூன்றும் 1 எனில் சில்லு முழுவதும் பூட்டு. 7-ஆம் பிட் பூட்டுக்குப் பூட்டு. அதுவும் 1 ஆக இருந்து, சில்லின் எழுத்துத்தடைக் கால் தரையுடன் இணைக்கப்பட்டிருந்தால், எந்த நிரலாலும் இப்பதிவேட்டை மாற்ற இயலாது.

அந்தக் கால் தரையில் இருக்கிறதா என்பதை மட்டும் பதிவேடு சொல்லாது. அதற்கு மல்டிமீட்டரைத்தான் எடுக்க வேண்டும்.