மழைக்கு முன்னே வரும் சேதி

வாசகர்களே, மழையின் அருமையும் தொல்லையும் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியலில் மழை பிடித்தால் மங்கில் பால் தங்காது. அன்றைய வருமானமும் குறையும்.

சிங்கப்பூருக்கும் இதே பாடுதான். பனிமலை இல்லாத அந்தத் தீவு, மழைநீரை 17 நீர்த்தேக்கங்களில் சேர்க்கிறது. தேக்கா ஓரம் ஓடும் ரோச்சோர் கால்வாயும் மரினா நீர்த்தேக்கத்தில்தான் கலக்கிறது. ஆனால் மழை ஒரேயடியாகக் கொட்டினால் கால்வாய் தாங்காது. 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

மழைமானி தான் நிற்கும் இடத்து மழையை மட்டுமே சொல்லும். தேக்காவில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிக்கலாம். அதனால் பொதுப் பயனீட்டுக் கழகம் ரேடாரையும் வைத்திருக்கிறது. ரேடார் அனுப்பும் ரேடியோ அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுக்கும் நேரம் மழை எவ்வளவு தூரத்தில் என்று காட்டும். அலையின் வலு எவ்வளவு கனமழை என்று காட்டும். இப்படிச் சுமார் அரை மணிக்கு முன்பே சேதி கிடைப்பதால், தாழ்வான இடங்களுக்கு ஆட்களை அனுப்ப முடிகிறது.

ஆனாலும் ரேடாரின் கணக்கைச் சரிபார்க்க அந்தச் சின்ன மழைமானிதான் வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ரேடாருக்கே பாடம் சொல்லும் வாத்தியார் அது!